தாஸ்கோராவில் இருபத்து மூன்று நாள்

என் பெரியப்பா மகன் பெய்செனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது குல்ஷாராவுக்கு இருபது வயது. முப்பத்தொன்றாவது வயதில் அவரை விட்டுப் போவது என்று முடிவு செய்தாள். ஒளித்து மறைத்து ஒன்றும் செய்யவில்லை. பண்ணை லாரியில் நான் தீவனம் கொண்டுபோய் இறக்கிய ஒரு நாள், மூன்று பேரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னாள்.

"கொழுந்தனாரே, அடுத்த நடை வர்றப்ப வண்டியில எனக்கு ஒரு இடம் வை. கர்கரலி பஸ் ஸ்டாண்டுல இறக்கிவிட்டாப் போதும்."

"எத்தனை நாளைக்கு அண்ணி?"

"திரும்பி வர்றதா இருந்தா நாள் சொல்லியிருப்பேன்ல?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் கிண்ணத்தின் அடியில் தங்கிய தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பனி கொஞ்சம் இளகட்டும். இப்ப ரோடு சரியில்ல," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அதுதான் அவர்.

தாஸ்கோரா என்றால் கல்பட்டி. மனிதர் கட்டிய பட்டி இல்லை. நாலு பக்கமும் மொட்டைப் பாறைகள் குண்டு குண்டாக எழுந்து நிற்க, நடுவில் ஒரு குழி. மழைக்காலத்தில் பாறைகளின் முதுகில் உள்ள சுனைகள் நிரம்பி வழிந்து குழிக்குள் இறங்கும். அதனால் புல் முழங்கால் உயரம் வளரும். ஸ்தெப்பிப் புல்வெளியில் ஆளைத் தூக்கி எறிகிற காற்று அடித்தாலும் இங்கே விளக்குச் சுடர் அசையாது. குளிர்காலத்தில் ஆடு அடைக்க இதைவிட நல்ல இடம் எங்கள் பண்ணையில் கிடையாது. உள்ளே போக ஒரே ஒரு இடுக்கு. முப்பது காலடி நீளம், ஒரு லாரி உரசாமல் போகும் அகலம். எல்லோரும் அதை வாசல் என்போம்.

அண்ணி அங்கே பதினோரு குளிர்காலம் கழித்திருந்தாள். நான்காவது குளிர்காலத்தில், ஜனவரியில், ஐந்து மாதப் பெண் குழந்தை காய்ச்சலில் செத்தது. வாசலில் பனி அடைத்திருந்த நான்கு நாளில் நடந்தது அது. மறு அக்டோபரில் அண்ணன் மந்தையை ஓட்டிக்கொண்டு மறுபடியும் அதே இடத்துக்கு வந்தார். அண்ணியும் பின்னாலேயே வந்தாள். அதற்குப் பிறகு குழந்தை பிறக்கவில்லை.

கடைசி இரண்டு கோடைகளில் நிலவியல் ஆய்வுக் குழு ஒன்று அந்தப் பாறைகளில் கூடாரம் போட்டது. அண்ணி அவர்களுக்குச் சமைக்கப் போனாள். ஒரு மாதத்தில் சமையலைவிடக் கல் சுமப்பதில் அவளுக்கு ஆசை வந்துவிட்டது. சும்மா சுமக்கவில்லை. இது ஏன் சிவப்பு, அது ஏன் பளபளக்குது, இந்தக் கல்லு ஏன் தோல் உரியுது என்று கேட்டுக்கேட்டு அவர்கள் உயிரை எடுத்தாள். ஒருநாள், படிகக் கற்கள் இருந்த பொந்து ஒன்றைக் குழுவினருக்கு முன்பே கண்டுபிடித்தாள். விரலளவும் முழங்கையளவுமாக, புகை அடைத்த கண்ணாடி போன்ற படிகங்கள். குழுத் தலைவி நீனா அசந்துபோனார். கரகண்டா நகரத்தில் படிகங்களைத் தரம் பிரிக்கிற கிடங்கில் ஆள் வேண்டும், வருகிறாயா என்று கடிதம் எழுதிக் கேட்டார். அந்தக் கடிதம் வந்தது பிப்ரவரி கடைசியில்.

*

எங்கள் ஊர்ப் பாறைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நடந்தது புரியாது. கருங்கல் என்றால் ஒரே கட்டி என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். எங்கள் குண்டுப் பாறைகள் அப்படி இல்லை. வெங்காயம் போலத் தோல் தோலாகப் பிரிந்து நிற்கும். ஒரு தோல் ஒரு முழம், சில இடத்தில் இரண்டு முழம் கனம். பார்த்தால் ஒட்டியிருப்பது போலத்தான் தெரியும். சுத்தியலால் தட்டினால் வேஷம் கலைந்துவிடும். ஒட்டிய இடம் கணீரென்று ஒலிக்கும். விட்டுப்போன இடம் காலிப் பானை போலப் பொத்தென்று கேட்கும்.

அந்த மார்ச்சில் பகலில் வெயில் அடித்தது, பொழுது சாய்ந்ததும் உறைந்தது. பனி உருகிய தண்ணீர் பாறைத் தோலுக்கு அடியில் இறங்கி உறைந்து உப்பித் தோலைத் தூக்கியது. மறுநாள் இன்னும் கொஞ்சம் தூக்கியது. நான் தீவனத்தோடு வருவதாகச் சொன்ன வெள்ளிக்கிழமை காலையில் அண்ணன் என் லாரிக்காக வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தார். தகரக் கூரையிலிருந்து பனி சரிவது போல ஒரு சத்தம் கேட்டதாம். அண்ணாந்து பார்க்காமல் உள்பக்கம் ஓடினார். அந்த ஓட்டம்தான் உயிரைக் காப்பாற்றியது. இடது பாதம் மட்டும் தப்பவில்லை.

மதியம் நான் போய்ச் சேர்ந்தபோது வாசல் இருந்த இடத்தில் வாசல் இல்லை. பள்ளிக்கூடச் சுவர் அளவுக்கு ஒரு கல்தோல் குறுக்கே விழுந்து, இரண்டு பக்கப் பாறைக்கும் நடுவில் ஆப்பு போலச் செருகி நின்றது. அதன்மேல் உடைசல்கள் குவிந்து கிடந்தன. எஞ்சினை நிறுத்திவிட்டு ஹாரன் அடித்தேன். கல்லுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"யாரது? மனுஷனா, ஜின் பேயா?"

"நான்தான் அண்ணி, தொக்தார்!"

"ஜின் பேயா இருந்திருந்தா உள்ள வந்திருக்கும். நீ எதுக்கு ஆவ!"

ஓரத்தில் ஒரு சந்து இருந்தது. கை நுழையும், தோள் நுழையாது. அதன் வழியாக அவள் விரல்கள் தெரிந்தன. அண்ணனின் கால் நசுங்கியதைச் சொன்னாள். வீட்டில் மாவு இருக்கிறது, குர்த் என்கிற காய்ந்த தயிர் உருண்டை ஒரு மூட்டை இருக்கிறது, வைக்கோல்தான் பன்னிரண்டு நாளைக்குமேல் வராது என்றாள். முந்நூற்றெண்பது பெட்டை ஆடுகள், எல்லாம் சினை.

"பாறை மேல ஏறி இறங்கிட முடியாதா அண்ணி?"

"நீ ஏறிப் பாரு. எலும்பைப் பொறுக்க நான் இங்கதான் இருப்பேன்."

உண்மைதான். குண்டுப் பாறைகள் முழுக்கக் கண்ணாடி போல ஐஸ் போர்த்திக் கிடந்தன. மறுநாள் எங்கள் ஆட்களில் ஒருவன் கயிற்றோடு முயன்றான். ஆறு ஆள் உயரத்திலிருந்து சறுக்கி விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டான். அதோடு அந்த எண்ணத்தை விட்டோம்.

அன்று கம்பவுண்டரையும் கூட்டிப்போயிருந்தேன். சிவந்த மூக்கோடு எப்போதும் ஓட்கா மணக்கிற மனிதர் அவர். சந்தில் வாயை வைத்துக் கத்தினார்.

"கால் என்ன நிறத்துல இருக்கு?"

"உங்க மூக்கு நிறத்துல."

"அப்ப பயமில்ல. கறுப்பானா சொல்லு."

மருந்தையும் கட்டுத்துணியையும் தேயிலைக் கட்டியையும் ஒரு நீளக் கம்பின் நுனியில் கட்டி உள்ளே தள்ளினோம்.

*

ஆறாம் நாள் மதியம் வெயிலில் ஏதோ ஒரு உடைசல் நகர்ந்து, சந்து அகன்றது. எங்களில் யாருடைய தோளும் அதில் நுழையவில்லை. அண்ணி ஒடிசலான பெண். தொப்பியைக் கழற்றினாள், கோட்டைக் கழற்றினாள், தலையையும் ஒரு தோளையும் வெளியே கொண்டுவந்துவிட்டாள். ஆறு நாளுக்குப் பிறகு அவள் முகத்தை ஒரு முழ தூரத்தில் பார்த்தேன். கன்னத்தில் சாம்பல் அப்பியிருந்தது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"மூச்சை விடுங்க அண்ணி. நான் இழுக்கறேன்."

உள்ளேயிருந்து அண்ணனின் குரல் வந்தது. சத்தமே இல்லாத குரல்.

"போறியா?"

அவர் போகாதே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் வீம்புக்காகவே வெளியே வந்திருப்பாள் என்றுதான் நான் நினைக்கிறேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"கையை விடு."

"அண்ணி!"

"ரெண்டு ஆடு இன்னிக்கு ஈனப்போகுது. அந்த மனுஷனால எந்திரிச்சு நிக்கக்கூட முடியல. காலைல வந்து இழு, வர்றேன்."

தோள் உள்ளே போனது, பிறகு தலை. ராத்திரி உறைபனி கடுமையாக இறங்கியது. காலையில் நான் போனபோது அந்தச் சந்து மூன்று விரல் அகலத்துக்குச் சுருங்கியிருந்தது. அவளும் பார்த்திருந்தாள். நான் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கல்லை அவள் உதைக்கிற சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

"நேத்து போயிருக்கணும்! நேத்தே போயிருக்கணும்!"

அவள் அழுததை நான் கேட்டது அந்த ஒருமுறைதான். அரைமணி நேரம் வெளியே கல்லோடு முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். அவளும் மறுபக்கம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள் என்று பிறகு சொன்னாள்.

பிற்பாடு அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது, பசியோ குளிரோ தன்னை வாட்டவில்லை என்பாள். வானம்தான் வாட்டியதாம். நாலு பக்கமும் பாறை நிற்க, நடுவில் ஒரு துண்டு வானம், மூடி திறந்த சட்டி போல. பருந்து ஒன்று இந்த ஓரத்தில் வந்து அந்த ஓரத்தில் மறையப் பத்து விநாடிகூட ஆகாது. பதினோரு வருடமாக அதே வானம்தான். ஆனால் வாசல் இருந்தவரை அவள் அதை அளந்து பார்த்ததில்லை.

*

ஒன்பதாம் நாள் எங்கள் பண்ணையின் டைரக்டர் ஜீப்பில் வந்தார். கூடவே குவாரியிலிருந்து வெடிக்காரர் ஒருவர், வெள்ளைத் தாடி வைத்த தாத்தார் இனத்துக்காரர்.

"வெடி வச்சா அரைமணி நேர வேலை," என்றார் டைரக்டர். "உள்ள இருக்கறவங்க வீட்டுக்குள்ள போய்ப் படுத்துக்கட்டும்."

சந்தின் வழியாக அண்ணி கூப்பிட்டாள்.

"டைரக்டர் ஐயா, நான் நேத்து பூராவும் கம்புல சுத்தியலைக் கட்டித் தட்டிப் பாத்துட்டேன். விழுந்தது ஒரு தோல்தான். மேல இன்னும் ரெண்டு மூணு தோல் விட்டுப்போய்த் தொங்குது. இருபது காலடி நீளத்துக்குப் பொத்துப் பொத்துன்னுதான் கேக்குது. நீங்க வெடி வச்சா வாசல் திறக்காது. எங்க ரெண்டு பேரோட முந்நூத்தெண்பது ஆடும் ஒரே கைமாவாயிடும். விருந்துக்கு நீங்க வந்துடுங்க."

டைரக்டருக்கு முகம் சிவந்தது. "சமையல்காரி எனக்குப் பாறை பாடம் எடுக்கறா!"

வெடிக்காரர் பாறையின் அருகே போனார். தன் சுத்தியலால் ஒரு இடத்தில் தட்டினார், காதை வைத்தார். நாலு எட்டு தள்ளிப்போய் மறுபடியும் தட்டினார். திரும்பி வந்து சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அந்தம்மா சொல்றது சரி. நான் வைக்க மாட்டேன். வைக்கறவன் யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க, நான் தூரமா நின்னு பாக்கறேன்."

அப்போதுதான் அண்ணி அந்த இன்னொரு வழியைச் சொன்னாள். தாஸ்கோராவின் பின்பக்கம் இரண்டு குண்டுப் பாறைகளுக்கு நடுவே ஒரு வெட்டு உண்டு. அது உச்சிவரை கற்களாலும் மண்ணாலும் அடைபட்டது. ஆடுகூட ஏறாத செங்குத்து. அதன் மறுபக்கம் நீளமான ஒரு பள்ளம் ஸ்தெப்பிக்கு இறங்கும். அந்தப் பள்ளத்தில் இரண்டு ஆள் உயரத்துக்குப் பனி கிடந்தது.

"போன கோடையில அந்த அடைப்பு மேலதான் துளை போட்டாங்க," என்றாள். "குழாய்ல கல்லே வரல. எட்டு மீட்டருக்கும் ஈர மணலாத்தான் வந்துச்சு. துளை போட்டவன் நாள் பூரா திட்டிட்டே இருந்தான். கல்லு மாதிரி நிக்குதே தவிர அது கல்லு இல்ல, உக்கிப்போனது. தோண்டலாம். நான் உள்ளேருந்து சரிவு வெட்டிட்டு வர்றேன். நீங்க வெளியேருந்து பனியைத் தள்ளிட்டு வாங்க."

"நீ ஒருத்தி தோண்டுவியா?" என்றார் டைரக்டர்.

"வேற யாராவது உள்ள இருக்காங்களா?"

பள்ளம் குறுகலாக இருந்ததால் டிராக்டர் போகாது. சுமார் நானூறு மீட்டர், மண்வெட்டிதான். நாங்கள் பதினான்கு பேர் மறுநாள் தொடங்கினோம். ஒருநாள் தோண்டியதை மறுநாள் காற்று பாதி நிரப்பியது.

*

கருங்கல்லுக்குள் தண்ணீர் இறங்கி நம்மால் எண்ணிப் பார்க்க முடியாத காலம் நின்றால், அதன் சிவப்பு மணிகள் வெள்ளைக் களிமண்ணாகிவிடும். காக்காய்ப்பொன் துகள்கள் துருவேறிப் போகும். வெங்கச்சங்கல் மணிகள் மட்டும் பிடிப்பில்லாமல் சர்க்கரை போல உதிரும். உருவத்துக்குப் பாறை, நகத்தால் கீறினால் மணல். ஆனால் எல்லாமே உக்குவதில்லை. தண்ணீர் எட்டாத நடுப்பகுதிகள் உருண்டைக் கற்களாக அந்த மணலுக்குள்ளேயே தங்கிவிடும். ஒன்று பூசணி அளவு, ஒன்று மாட்டளவு. மணலைத் தோண்டத் தோண்ட அவை பிடிமானத்தை இழக்கும். அண்ணிக்கு அதுவும் தெரிந்திருந்தது.

மார்ச்சில் அந்த மணல் இரும்பாக உறைந்திருந்தது. ஆட்டுப் பட்டியின் தரையில் வருடக்கணக்காக மிதிபட்ட சாணத்தை வெட்டியெடுத்து, அந்த வறட்டிகளை மணல்மேல் அடுக்கித் தீ வைத்தாள். ஒரு தீக்கு ஒரு சாண் இளகியது. சாம்பலைத் தள்ளிவிட்டு இளகியதை வெட்டினாள். பிறகு மறுபடியும் தீ. ஆடு ஏறுகிற மாதிரி வளைந்து வளைந்து சரிவு வெட்டினாள். அண்ணன் உட்கார்ந்தபடியே நகர்ந்து வறட்டிகளைச் சறுக்குப் பலகையில் ஏற்றினார். அவரது ஒரே வேலைநாய் அதை இழுத்தது. மிச்ச நேரமெல்லாம் அவர் குட்டிகளைப் பார்த்துக்கொண்டார். வைக்கோல் தீர்ந்தபோது கொட்டகைக் கூரையில் வேய்ந்திருந்த நாணலை இழுத்துப் போட்டார். ஆடுகள் சாக ஆரம்பித்தன. இரண்டு பேரும் பகலில் பத்து வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை.

பதினேழாம் நாள், பாதிச் சரிவு முடிந்திருந்தது. மாட்டளவு உருண்டைக் கல் ஒன்று வழியில் துருத்திக்கொண்டிருந்தது. அதன் பக்கவாட்டில் பதுங்கி மணலை வெட்டிக்கொண்டிருந்தாள். உச்சி வெயில் நேரம். கல் சத்தமில்லாமல் அரைச்சுற்று உருண்டு அவள் தோண்டிய பொந்தின் வாயில் வந்து உட்கார்ந்தது.

நசுங்கவில்லை, ஆனால் பெட்டிக்குள் மடித்து வைத்த துணி போல ஆகிவிட்டாள். முழங்கால் மார்பைத் தொட்டது. நிமிர முடியவில்லை, காலை நீட்ட முடியவில்லை. கீழ் ஓரத்தில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு வெளிச்சம் வந்தது. மேலே தலைமயிரில் மணல் விடாமல் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. மண்வெட்டி வெளியே போய்விட்டது. கத்தினாள். கத்தும்போது மணல் அதிகமாக விழுந்ததால் நிறுத்திவிட்டாள்.

அண்ணன் கேட்டுவிட்டார். கடப்பாரையை முதுகில் கட்டிக்கொண்டு, நசுங்கிய காலை இழுத்துக்கொண்டு சரிவில் தவழ்ந்து ஏறினார். ஒரு மணி நேரம் பிடித்தது. அவள் அந்த வெளிச்சத்தில் முதலில் அவர் விரல்களைத்தான் பார்த்தாள்.

"அடிபட்டுச்சா?"

"இல்ல. கீழ்ப்பக்கம் தோண்டாதீங்க, கல்லு உங்க மேல உருளும். உங்களுக்கு எடது கைப்பக்கமா தோண்டுங்க."

அவர் தோண்டினார். கடப்பாரை மணலில் குத்துகிற சத்தம் அவள் முதுகெலும்பில் கேட்டது. ஒவ்வொரு குத்துக்கும் எங்கே மணல் உதிர்கிறது என்று அவள் சொன்னாள். அதை வைத்து அவர் அடுத்த குத்தைப் போட்டார். வெகுநேரம் இப்படியே போனது. பிறகு அவள் சொல்வதை நிறுத்தினாள்.

"குல்ஷாரா? பேசிட்டே இரு. பேச்சு நின்னா பயமா இருக்கு."

"பதினோரு வருஷமா நான்தான் பேசினேன். இப்ப நீங்க பேசுங்க."

கடப்பாரை நின்றது. அவர் மூச்சு வாங்குவது கேட்டது.

"அன்னிக்கு... பாப்பாவுக்குக் காய்ச்சல் கூடின அன்னிக்கு நான் வாசலுக்குப் போனேன்."

"தெரியும். பனி அடைச்சிருந்துச்சுன்னு சொன்னீங்க."

"அடைச்சுத்தான் இருந்துச்சு. மார் வரைக்கும். நீந்திப் போயிருந்தாப் போயிருக்கலாம். பாப்பாவைக் கோட்டுக்குள்ள வச்சுக்கிட்டுப் போகலாம்னு முதல்ல தனியாப் போய்ப் பாத்தேன். பத்தடி போனேன். மேலேருந்து பனி பொத்துன்னு விழுந்துச்சு. திரும்பிட்டேன். பயந்துட்டேன்."

மணல் உதிர்ந்துகொண்டிருந்தது.

"உன்கிட்ட அடைச்சிருக்குன்னு சொல்லிட்டேன்."

"பயந்துட்டேன்னு சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"தெரியல. திட்டியிருப்பேன். அப்புறம் நானே போய்ப் பாத்திருப்பேன். நானும் பயந்திருப்பேனோ என்னமோ." பிறகு கேட்டாள்: "மறுவருஷமும் இங்கயே ஏன் கூட்டிட்டு வந்தீங்க?"

"டைரக்டர் எழுதிக் குடுத்த எடம்."

"வேற எடம் கேட்டீங்களா?"

"கேக்கலாம்னு எனக்குத் தெரியல."

அவளுக்குச் சிரிப்பு வந்ததாம். அந்தப் பொந்தில், முழங்கால் மார்பில் முட்ட, வாயெல்லாம் மணலாக இருக்கும்போது சிரிப்பு வந்தது என்று என்னிடம் சொன்னாள். அவருக்கு அது அழுகை போலக் கேட்டிருக்க வேண்டும். கடப்பாரையை எடுத்து வேகவேகமாகக் குத்தினார்.

"மெதுவா! எடது பக்கம்! எடது பக்கம்னு எத்தனை தடவை சொல்றது!"

பொழுது சாய்ந்து வெயில் பாறையின் உச்சிக்கு ஏறிவிட்ட நேரத்தில் கல் லேசாக முனகியது. அவர் ஓரமாகப் புரண்டார். உருண்டைக் கல் சரிவில் இறங்கி, வேகம் பிடித்து, கீழே கொட்டகையின் மூலையை இடித்துக்கொண்டு நின்றது. பொந்தில் இருந்தவளை அவர் கக்கத்தில் கைகொடுத்து இழுத்துப் போட்டார். அவளால் காலை நீட்ட முடியவில்லை. அவர் உட்கார்ந்து அவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் கை நகங்களில் மூன்று இல்லை.

"கொட்டகையில குட்டி ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல. எல்லாம் வீட்டுக்குள்ள."

மறுநாள் காலையில் மறுபடியும் தீ மூட்டினாள். அந்தப் பொந்து இருந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடியதாக அண்ணன் எனக்குச் சொன்னார்.

*

இருபத்து மூன்றாம் நாள் பனிக்குள் என் மண்வெட்டி எதையோ இடித்தது. மணல். மணல் என்மேல் சரிந்தது, சரிந்த ஓட்டையில் ஒரு நாய் மூக்கை நீட்டியது. அதற்குப் பின்னால் அண்ணியின் முகம். நாங்கள் பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அவள் கத்தவில்லை. எங்களை ஒதுக்கிவிட்டுப் பள்ளத்தில் நடந்தாள். பள்ளம் முடிந்து ஸ்தெப்பி தொடங்குகிற இடம்வரை போய், அங்கே நின்று நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு வந்து ஆடுகளை எண்ணி வெளியே விடத் தொடங்கினாள். நாற்பத்தியிரண்டு செத்திருந்தன. மிச்சமெல்லாம் அந்தச் சரிவில் ஒன்றன்பின் ஒன்றாக, குட்டிகளோடு, ஏறி வந்தன.

அண்ணனை லாரியில் ஏற்றினோம். அண்ணியும் ஏறினாள். அவர் ஆஸ்பத்திரிக்கு, அவள் பஸ் ஸ்டாண்டுக்கு. இரண்டும் கர்கரலியில்தான். என் பக்கத்தில் இரண்டு பேரும் தோள் இடிக்க உட்கார்ந்து வந்தார்கள். ஆஸ்பத்திரியில் அவர் இடது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். அவர் கண் விழிக்கும்வரை அவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிறகு உள்ளே போனாள்.

"நான் கிளம்பறேன்."

"சரி."

"வேற ஒண்ணும் இல்லையா?"

அவர் யோசித்தார். "பஸ்ல ஜன்னலோரமா உக்காரு."

கரகண்டாவில் படிகக் கிடங்கு ஒரு நிலவறையில் இருந்தது. ஜன்னலுக்குப் பதில் இரும்புக் கம்பி. கதவைச் சாத்தியதும் அவளுக்கு வியர்த்து நெஞ்சு அடைத்தது. ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். எட்டாம் நாள் நீனாவிடம் போய், "மேல ஏதாவது வேலை குடுங்க. கூட்டறதா இருந்தாலும் சரி," என்றாள். துளை போட்டு எடுத்த கற்களை அடுக்கி வைக்கிற திறந்தவெளி முற்றத்தில் வேலை கிடைத்தது. எண் போடுவது, பெட்டியில் அடுக்குவது, எடுத்துக் கொடுப்பது. மழையிலும் பனியிலும் இருபது வருடம் அந்த வேலையில் இருந்தாள்.

அண்ணன் அந்த அக்டோபரில் பண்ணைக் கூட்டத்தில் எழுந்து நின்றார். அவர் கூட்டத்தில் பேசி யாரும் பார்த்ததில்லை. "தாஸ்கோராவுக்கு நான் போக மாட்டேன். வேற எடம் குடுங்க," என்றார். டைரக்டர் ஏன் என்று கேட்டார். "எனக்கு அங்க பயம்," என்றார். சிலர் சிரித்தார்கள். அவர் உட்காரவில்லை. காற்று சுழற்றியடிக்கிற, ஒரு குன்றுகூட இல்லாத இடமாகப் பார்த்துக் கொடுத்தார்கள். ஆட்டுக்கு அது நல்ல இடமில்லை.

அவர் கரகண்டாவுக்கு இரண்டு முறை போனார். முதல் முறை அவள் தங்கியிருந்த விடுதியின் வெளியே ஒரு பகல் முழுக்க உட்கார்ந்துவிட்டு, அவளைப் பார்க்காமலே திரும்பினார். இரண்டாம் முறை பார்த்தார். என்ன பேசினார்கள் என்று இருவருமே சொன்னதில்லை. அடுத்த மே மாதம் அவள் முற்றத்தில் விடுப்பு வாங்கிக்கொண்டு அவரது புதிய இடத்துக்கு வந்தாள். அக்டோபரில் திரும்பிப் போனாள். பிறகு வருடாவருடம் அதுதான். கோடைக்கு வருவாள், முதல் பனிக்கு முன் கிளம்பிவிடுவாள். குளிர்காலத்தில் அண்ணன் தனியாகச் சமைத்துத் தின்றார்.

ஊரில் பெண்கள் கேலி செய்யாமல் இருப்பார்களா! ஒரு அக்டோபரில் அவளை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போக வந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று கேட்டாள்.

"என்னடி, காட்டுவாத்து மாதிரி வருஷம் தவறாம பறந்துடற? புருஷன்கூட ஒரு குளிர்காலம் இருந்தா என்ன?"

"இருந்தேனே. பதினோரு குளிர்காலம் இருந்தேன்," என்றாள் அண்ணி. பையை லாரியில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். அண்ணன் வந்து கதவைச் சாத்தப் போனார். அவள் கையை நீட்டித் தடுத்து, தானே சாத்திக்கொண்டாள்.